வீரசிங்கத்தின் இலவச வைத்தியம்

கணினியில் எல்லாமே தலைகீழாகத் தெரிந்தன. வீரசிங்கம் கழுத்தை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்தார், வலப்பக்கம் சாய்த்துப் பார்த்தார். மொனிட்டருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து, கால்களுக்கு இடையால் பார்த்தால் சரியாகத் தெரியுமோ என்றும் யோசித்தார். பென்ஷன் எடுக்கிற வயதில், அதுவும் அடுத்தவர் வீட்டில், அது அழகல்ல என்று விட்டுவிட்டார்.

“எப்ப இருந்தும்மா இப்படி?”

“காலையில ஈந்து அங்கிள்,” என்றாள் ரிப்கா. “நாங்க ஒண்டுமே செய்யல்ல. சுவிட்ச் போட்டம், இப்பிடித்தான் வந்திச்சி.”

“ஒண்ணுமே செய்யாம ஏம்மா கவிழுது?”

ரிப்கா திரும்பிப் பார்த்தாள். அவளுடைய கணவன் ஸிபான் பக்கத்தில் நின்று வீட்டு முகட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிலிமத்தலாவையில் துணிக்கடை வைத்திருக்கிறவன். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கடைக்குத் திரும்பாமல் வீட்டுக்கு வந்துவிடுவான்.

“எனக்கு இதுல ஒண்டும் வெளங்காது அங்கிள். நீங்கதான் பாக்கணும்,” என்றான்.

உள்ளறை வாசலில் தொங்கிய பச்சைச் சீலைக்குப் பின்னாலிருந்து ரிப்காவின் உம்மா ஹபீலாவின் குரல் வந்தது. “புள்ள, அண்ணனுக்குப் பிளேன்டி குடுத்தயா?”

அந்தக் குரலைக் கேட்டதும் வீரசிங்கம் கணினியை விட்டுச் சீலைப் பக்கம் திரும்பினார். ஹபீலா இத்தாவில் இருந்தாள். கணவன் மௌத்தானால் மனைவி நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும், அந்நிய ஆண்களின் கண்ணில் படக் கூடாது. வீரசிங்கம் அந்த வீட்டில் எத்தனையோ நோன்புப் பெருநாளுக்குச் சாப்பிட்டவர். ஹபீலாவைத் தங்கச்சி என்று கூப்பிட்டே பழகியவர். என்ன செய்வது, சட்டப்படி பார்த்தால் அவரும் அந்நிய ஆண்தான்.

ஹபீலாவின் கணவர் தாஸிம் கண்டி டவுனில் நூலும் பொத்தானும் விற்றவர். வீரசிங்கம் மாநகரசபையில் தண்ணீர் பில் எழுதியவர். ஒரு நாள் பில் கூடிவிட்டதென்று சண்டை பிடிக்க வந்த தாஸிம், சண்டை முடிந்த களைப்பில் அவரையே டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார். சிநேகம் அன்றைக்கு ஆரம்பித்தது. இரண்டு பேரும் வேலையை விட்ட பிறகு தாஸிம் ஒரு கணினி வாங்கினார். பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து அவர் ஒரு கதிரையில் உட்காருவார். மஹியாவையிலிருந்து கட்டுகஸ்தோட்டை பஸ் ஏறி வந்து, மற்றக் கதிரையில் வீரசிங்கம் உட்காருவார்.

இரண்டு பேருக்கும் கணினி சரிவரத் தெரியாது. ஆனால் சதம் செலவில்லாமல் என்னென்ன மென்பொருள் கிடைக்கும் என்பது வீரசிங்கத்துக்கு அத்துப்படி. எழுத லிப்ரே ஆபீஸ், படம் பார்க்க வீ.எல்.சி., படத்தைத் திருத்த கிம்ப் என்று கேட்டவர் கேளாதவர் எல்லோருக்கும் சொல்லுவார். ரிப்காவின் கல்யாணத்தில் சோறு போட்ட பெரிய சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்த முன்பின் தெரியாத ஐந்து பேருக்கும் சிபாரிசு செய்தார். அவர் பேசி முடிப்பதற்குள் கோழி முடிந்துவிட்டது. இவ்வளவுக்கும் அவரிடம் சொந்தமாக ஒரு கணினி கிடையாது. சட்டைப் பையில் ஒரு பென்டிரைவ், அவ்வளவுதான். மனைவி இரத்தினம்மா காலமான பிறகு அவருடைய அறையில் பேசுகிற சாமான் என்று இருந்தது ஒரு வானொலி மட்டும்.

தாஸிமின் ஜனாஸா அடக்கத்துக்குப் போய், மையவாடி கேற்றுக்கு வெளியே நின்று அழுதுவிட்டு வந்த அன்று, அந்த வீட்டுக் கதவு தனக்கு மூடிவிட்டது என்றுதான் வீரசிங்கம் நினைத்தார். நண்பன் இல்லை. நண்பனின் மனைவி இத்தாவில். எந்த முகத்தோடு போய், எதற்காக வந்தேன் என்று சொல்லுவது? ஒரு கிழமை அறைக்குள்ளேயே கிடந்தார். பின்னேரமானால் கால் தானாகப் பஸ் தரிப்புக்கு நடந்தது. தரிப்பு வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்தார்.

அப்போதுதான் ரிப்கா கோல் எடுத்தாள். “அங்கிள், வாப்பாட கம்பியூட்டர் பழுதாப் போச்சி. ஒருக்கா வந்து பாக்க ஏலுமா?”

ஏலுமா என்று கேட்டு முடிப்பதற்குள் அவர் சப்பாத்தைப் போட்டுவிட்டார். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் வெட்கம் வந்தது. சாவு வீட்டில் ஒரு சாமான் பழுதாகிவிட்டதென்று சந்தோஷப்படுகிற மனிதன் தான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆக, அந்தத் தலைகீழ் வியாதிக்கு வீரசிங்கம் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். மொனிட்டரைத் தூக்கிக் கவிழ்த்து, இரண்டு பழைய டெலிபோன் டிரெக்டரிகளுக்கு நடுவே நிறுத்தினார். இப்போது மொனிட்டர் தலைகீழ், படம் நேர்.

“பாத்தியாம்மா? இதுக்குக் கடையில குடுத்திருந்தா எவ்வளவு கேட்டிருப்பானோ!”

ஸிபான் வாயைக் கையால் பொத்திக்கொண்டான். தோள் இரண்டும் குலுங்கின. பாவம், மாமனாரை நினைத்து அழுகிறான் என்று வீரசிங்கம் அவன் முதுகைத் தட்டிக் கொடுத்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மீண்டும் கோல் வந்தது. “அங்கிள், திரும்பவும் தலகீழ்.”

போய்ப் பார்த்தார். உண்மைதான். கவிழ்த்து வைத்த மொனிட்டரில் படம் கவிழ்ந்திருந்தது. மொனிட்டரை நிமிர்த்தினார், எல்லாம் சரியாகிவிட்டது. சாதாரண மனிதன் என்றால் அத்தோடு டீயைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பான். வீரசிங்கம் யோசித்தார்.

“தானாப் பொரளுது, தானா நிமிருதுன்னா இது வைரஸ்தான். வேற பேச்சே இல்ல.”

“அப்பிடியா அங்கிள்? எனக்கும் லேசா அந்தச் சந்தேகம் ஈந்த,” என்றான் ஸிபான்.

இலவச வைரஸ் தடுப்பு மென்பொருள் ஒன்றைப் போட்டார். ஒன்று போட்டால் ஒரு காவல், இரண்டு போட்டால் இரட்டைக் காவல் என்று இன்னொன்றையும் போட்டார். முதலாவது இரண்டாவதை வைரஸ் என்று பிடித்தது. இரண்டாவது முதலாவதைப் பிடித்தது. கல்யாண வீட்டுச் சம்பந்திகள் மாதிரி இரண்டும் மாறி மாறிக் குற்றம் சொல்ல, நடுவில் கணினி பெருமூச்சு விட்டது.

“சுவிட்சப் போட்டு, கை கால் கழுவி ஒளு செஞ்சி, தொழுதிட்டு வந்தாலும் இன்னம் சுத்திட்டுத்தான் ஈக்கி அங்கிள்,” என்று ரிப்கா முறையிட்டாள்.

அதைக் கேட்டு, கணினியை வேகமாக்கும் இலவச மென்பொருள் ஒன்றைத் தேடிப் போட்டார். அது தன் உறவினர் நாலு பேரைக் கேட்காமலே கூட்டிக்கொண்டு வந்தது. அவர்களில் ஒருத்திக்குக் குரல் கொஞ்சம் பெரிது.

அந்தக் குரல் எவ்வளவு பெரிதென்று தாஸிமுக்கு நாற்பதாம் நாள் கத்தம் ஓதியபோது தெரிந்தது. ஹோல் முழுக்கப் பாய் விரித்து ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். வீரசிங்கத்துக்கும் சொல்லியிருந்தார்கள். அவர் வாசலோரம் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பள்ளிவாசல் ஹஸ்ரத் குர்ஆனில் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார். திடீரென்று மூலையிலிருந்து ஒரு பெண் ஆங்கிலத்தில் கத்தினாள். எச்சரிக்கை, உங்கள் கணினி பேராபத்தில் இருக்கிறது, உடனே பணம் கட்டுங்கள் என்றாள். ஹஸ்ரத் ஓதுவதை நிறுத்தினார்.

காது மந்தமான ஒரு பெரியவர் கேட்டார். “யாரு அந்தப் பொம்புள? தாஸிமுக்குக் கடன் குடுத்தவவா?”

வீரசிங்கம் பாய்களுக்கு மேலால் பாய்ந்து வயரைப் பிடுங்கினார். அவருக்குப் பூமி பிளந்து உள்ளே போனால் நல்லதென்று இருந்தது. பச்சைச் சீலைக்குப் பின்னால் ஹபீலா விம்முவது கேட்டது. அது அழுகையா சிரிப்பா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. அழுகையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, வட்டிலப்பம் கூடச் சாப்பிடாமல் போய்விட்டார்.

அந்தப் பெண்ணை விரட்ட, மென்பொருட்களை வேரோடு பிடுங்கும் இலவச மென்பொருள் ஒன்றைக் கொண்டு வந்தார். அது அவளைப் பிடுங்கியது. கூடவே பிரிண்டரையும் தமிழ் எழுத்துக்களையும் பிடுங்கியது. அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஒரு புது வியாதி. ஒரு கிழமை எழுத்தெல்லாம் பூசணிக்காய் அளவில் வந்தது. ஒரு கிழமை மவுஸின் இடது பட்டன் வலதாகவும் வலது இடதாகவும் வேலை செய்தது. இன்னொரு கிழமை நிறமெல்லாம் போய், கறுப்பு வெள்ளையில் துக்கம் காத்தது. வீரசிங்கம் பார்க்காத யூடியூப் வீடியோ இல்லை. எந்த வீடியோவிலும் இப்படியொரு நோயாளியைக் காணவில்லை.

அவர் திணறிக்கொண்டிருக்கும்போது சீலைக்குப் பின்னாலிருந்து ஹபீலா விசாரிப்பாள்.

“அண்ணே, பிரஷர் குளிச போடுறீங்கதானே?”

“போடுறேன் தங்கச்சி.”

“பொய் சொல்ல வாணாம். அவர் ஈந்தா ஏசுவாரு.”

“ஆமா, ஏசுவான்.” பக்கத்துக் கதிரை வெறுமையாக இருக்கும். வீரசிங்கம் திரும்பிப் பார்க்காமலே இருக்கப் பார்ப்பார். முடியாது.

போகும்போது ரிப்கா ஒரு சோற்றுப் பார்சலைக் கையில் திணிப்பாள். அன்றைக்கு ஒரு நாள்தான் அவர் ஒழுங்காகச் சாப்பிட்டார். மற்ற நாட்களில் பாணும் சம்பலும், அதுவும் நினைவு வந்தால்.

ஆனாலும் அவருக்கு உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. அந்தக் கணினிக்குள் தாஸிம் இருந்தார். தாஸிம் இளவயதில் கடை வாசலில் நின்ற படம், ஹஜ்ஜுக்குப் போன படம், ரிப்காவை முதல் நாள் பள்ளிக்கூடம் கூட்டிப் போன படம், எல்லாம் அதற்குள்தான். கறையான் அரித்த ஆல்பத்தை எறிவதற்கு முன் ஒவ்வொன்றாக எடுத்து ஸ்கேன் செய்து போட்டவரே வீரசிங்கம். ஹபீலாவுக்கும் பிள்ளைக்கும் மிஞ்சியது அதுதான். அது தன் கையில் கிழமைக்குக் கிழமை செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்தபோது அவருக்குப் பயமாக இருந்தது.

ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை, பென்டிரைவைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி வந்தார்.

“இன்னையோட எல்லாத்துக்கும் ஒரு முடிவு. லினக்ஸ் போடப் போறேன். வைரஸ் வராது, நிக்காது, கவிழாது. எல்லாமே இலவசம்.”

ஸிபான் கதிரையை விட்டு எழும்பிவிட்டான். “வாணாம் அங்கிள்! இதுவே போதும்!”

“என்ன போதும்? இதப் போட்டா இனி ஆயுசுக்கும் பழுதாகாது.”

“ஆயுசுக்குமா?”

“ஆயுசுக்கும்.”

ஸிபான் ரிப்காவைப் பார்த்தான். ரிப்கா சீலையைப் பார்த்தாள். இரண்டு பேரின் முகமும் விழுந்துவிட்டது. தன் திறமையில் இவர்களுக்கு நம்பிக்கையில்லை என்று வீரசிங்கத்துக்கு ரோஷம் வந்தது.

“நான் போடுறேன், நீங்க போய் வேலையப் பாருங்க,” என்று உட்கார்ந்துவிட்டார்.

கணினி ஆங்கிலத்தில் ஏதேதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் சம்மதம் சொன்னார். டிஸ்க்கை அழிக்கவா என்றும் ஒரு தடவை கேட்டது. பென்டிரைவைத்தான் கேட்கிறது, வேலை முடிந்தால் அது எதற்கு என்று அதற்கும் சம்மதம் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் மொனிட்டர் கழுவித் துடைத்த மாதிரி வந்தது. அழகாக இருந்தது. வேகமாக இருந்தது. தாஸிம் என்று பெயர் போட்ட அந்த ஃபோல்டரைத் தேடினார். இருக்கவில்லை. எந்த ஃபோல்டரும் இருக்கவில்லை.

அழிந்ததை மீட்கும் இலவச மென்பொருள் ஒன்றை அங்கேயே இறக்கி ஓட விட்டார். அது தோண்டித் தோண்டி ஆயிரக்கணக்கான படங்களைக் கொண்டு வந்து கொட்டியது. அவர் ஒவ்வொன்றாகத் திறந்தார். எல்லாம் அந்த வைரஸ் தடுப்பு மென்பொருளின் பச்சைக் கேடயச் சின்னம். ஒரு படத்தில் கூடத் தாஸிம் இல்லை.

“அங்கிள், சரியா?” ரிப்கா குசினிக்குள்ளிருந்து கேட்டாள்.

“சரிம்மா.” அந்த வீட்டில் அவர் சொன்ன பெரிய பொய் அது. பிளேன்டி ஆறுவதற்குள் பஸ் ஏறிவிட்டார்.

அதன் பிறகு அவர் போகவில்லை. ரிப்கா கோல் எடுத்தாள், அவர் போனைத் தொடவில்லை. ஸிபான் எடுத்தான், போனை அமத்தி அலுமாரிக்குள் வைத்தார். நண்பனை மையவாடியில் ஒரு தடவை அடக்கினார்கள், மிச்சத்தைத் தானே அடக்கிவிட்டோம் என்று அறைக்குள் தனியாக உட்கார்ந்து அழுதார். இரண்டு வெள்ளிக்கிழமை பட்டினிதான். மூன்றாவது வெள்ளிக்கிழமை, இனிமேல் அந்த வீட்டுப் படி மிதிக்கும் தகுதி இல்லாவிட்டாலும், உண்மையைச் சொல்லிவிட்டாவது வர வேண்டும் என்று புறப்பட்டார்.

கதவு திறந்திருந்தது. கணினி பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஸிபான் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தான்.

“அங்கிள்!” என்று துள்ளி எழுந்தான். உடனே அவன் குரல் இறங்கியது. “இது பழுதாகுதே இல்ல அங்கிள். நானும் எவ்வளவோ பாத்த.”

அவன் என்ன சொன்னான் என்பது வீரசிங்கத்தின் காதில் ஏறவில்லை. அவர் நேராகப் பச்சைச் சீலைக்கு முன்னால் போய் நின்றார்.

“தங்கச்சி, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்.”

அவர் குனிந்து தரையைப் பார்த்துச் சொன்னார்.

“தாஸிமோட படம் எல்லாத்தையும் அழிச்சிட்டேன். ஒண்ணு விடாம. மீட்கப் பாத்தேன், முடியல. எனக்கு ஒண்ணுமே தெரியாது தங்கச்சி. மென்பொருள் பேரு தெரியும், அவ்வளவுதான். தாஸிம் கூட இருந்தப்ப நான் தப்பா அமத்துனா அவன் கையில அடிப்பான். இப்ப அடிக்க ஆளில்ல.” அவருக்கு மூக்கு ஒழுகியது. லேஞ்சியால் துடைத்துக்கொண்டார். “மன்னிச்சிக்கங்க. இனிமே வந்து உங்களுக்குக் கஷ்டம் குடுக்க மாட்டேன்.”

திரும்பி நடந்தார். வாசல் வரைக்கும் போய்விட்டார்.

“அண்ணே, நில்லுங்க,” என்றாள் ஹபீலா. அவள் குரலும் உடைந்திருந்தது. “படமெல்லாம் ரிப்காட லெப்டொப்புல ஈக்கி. அவர் ஆஸ்பத்திரியில ஈக்கக்குள்ளயே எடுத்து வெச்சாச்சி. அந்தக் கம்பியூட்டருக்குள்ள ஒண்டுமே ஈக்கல்ல.”

வீரசிங்கம் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். முதலில் உயிர் திரும்பி வந்தது. பிறகு கோபம் வந்தது.

“லெப்டொப்பா? அப்ப இந்தக் கம்பியூட்டர யாரு பாவிக்கிறது?”

“யாருமே இல்ல அங்கிள்,” என்றாள் ரிப்கா.

“அப்ப எதுக்கும்மா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டு இந்தப் பாடு படுத்துனீங்க? கத்தத்துல என் மானம் போச்சே! தூக்கி வீசிட்டுப் போயிருக்கலாமே!”

ரிப்கா ஸிபானைப் பார்த்தாள். ஸிபான் தலையைச் சொறிந்தான். உதட்டைக் கடித்தான். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னான்.

“மாமா மௌத்தாக முந்தி என்ட கையப் புடிச்சிட்டுச் சென்ன கடைசி வார்த்த அங்கிள்: ‘எனக்குப் பொறகு இந்தக் கம்பியூட்டர் ஒழுங்கா வேல செஞ்சா வீரசிங்கம் நம்மட ஊட்டுப் பக்கமே வரமாட்டான், தனியாக் கெடந்து செத்துப் போவான் மகன், நீ கிழமைக்கு ஒருக்கா அதப் பழுதாக்கிப் போடு.’”